ஒத்துக்கொள்ளாதவள்

கஷாயம் குடிக்கத் தொடங்கிய நான்காம் நாள் காலையில் புருல் எழுந்தபோது அவள் மேலுதடு மூக்கைத் தொடும் அளவுக்கு வீங்கியிருந்தது. கழுத்திலும் முழங்கையின் உள்பக்கத்திலும் தடிப்புத் தடிப்பாக எழும்பி, சொறியச் சொறிய ஒன்றோடொன்று சேர்ந்து தேசப்படம் மாதிரி பரவியது. கணவன் ஷர்ஷேன் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தான்.

"என்னடி இது, தேனீக் கூட்டுக்குள்ள தலைய விட்டியா?"

"பேச வைக்காதீங்க. உதடு இழுக்குது."

அதே முகத்தோடுதான் அவள் பாத்மா அக்காவின் மூலிகைக் கூடத்துக்குப் போனாள். சாரி-தலா என்ற ஏரிக்கரைக் கிராமத்தில் மூடிக் கிடந்த பாலர் பள்ளிக் கட்டடத்தில் பாத்மா அதை நடத்தி வந்தாள். இருபத்தொரு நாள் கஷாயம், காலையில் இரண்டு கரண்டி, மாலையில் இரண்டு கரண்டி. உடம்பில் தேங்கிய நஞ்செல்லாம் வெளியேறிவிடும் என்பது அவள் கணக்கு. ஏரியின் இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள். பாத்மா எப்போதும் வெள்ளைத் துணிக் கையுறை போட்டிருப்பாள். அவ்வளவு சுத்தக்காரி என்று ஊரில் பேச்சு.

புருலைக் கண்டதும் பாத்மா கையுறைக் கைகளை ஓசையில்லாமல் தட்டினாள்.

"வந்துடுச்சா! நாலாம் நாளே வந்துடுச்சா! எல்லாரும் இங்க வாங்கடி. நாப்பது வருஷமா உள்ள தேங்கிக் கிடந்தது எப்படி ஓடி வருது பாருங்க!"

கம்பளத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கழுத்துத் தடிப்பைத் தொட்டுப் பார்த்தாள். புருலின் ஓரகத்தி ஜூரா அவள் கன்னத்தில் முத்தமிட்டு, "உனக்கு அதிர்ஷ்டம்டி. எனக்கு ஒரு வாரமாச்சு, ஒரு பொட்டு கூட வரல" என்றாள். அந்தக் குரலில் பொறாமை நன்றாகவே தெரிந்தது.

புருல் எளிதில் எதையும் நம்புகிறவள் அல்ல. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததால், அடுத்ததாவது ஆணாகத் திரும்பட்டும் என்று 'திரும்பு' என்ற பொருளில் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். நான்காவதும் பெண்தான். அன்றிலிருந்து யார் சொன்ன பக்கமும் அவள் திரும்பியதில்லை என்று ஷர்ஷேன் சொல்வான். ஊர்ப் பால் நிலையத்தில் பதினாறு வருடமாகப் பாலைச் சோதிக்கும் வேலை அவளுடையது. தண்ணீர் கலந்தவர்கள் சொல்லும் காரணங்களை எல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள். மாடு மழையில் நனைந்துவிட்டதால் பால் நீர்த்துப் போனது என்று ஒருவன் சத்தியமே செய்திருக்கிறான்.

அப்படிப்பட்டவள் பாத்மாவிடம் போனதற்குக் காரணம் இருந்தது. குளிர்காலம் முழுக்க வயிறு உப்பி, சாப்பிட்டால் கல் விழுந்த மாதிரி கிடந்தது. வட்டார மருத்துவ நிலையத்துக்குப் போனாள். அங்கே இருந்த மருத்துவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வயசாகுதில்ல, நரம்பு. டீயக் குறைங்க" என்றார். இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. பாத்மாவோ அவளை உட்கார வைத்து ஒரு மணி நேரம் கேட்டாள். மூன்றாவது பிரசவத்தில் பட்ட பாட்டைக் கூடக் கேட்டாள். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே புருல் கசப்பைக் குடித்தாள்.

"அப்ப நிறுத்தணுமா அக்கா?" என்று வீங்கிய உதட்டோடு கேட்டாள்.

"நிறுத்துறதா? பாதிப் பிரசவத்துல யாராவது எழுந்து போவாளா? இனிமே வேளைக்கு நாலு கரண்டி. மாத்திரை கீத்திரை போட்டுடாத. ஓடி வர்றவனுக்கு முன்னால கதவ அடைச்ச மாதிரி ஆயிடும்."

இன்னும் இரண்டு நாள் குடித்தாள். கண் இமைகள் உப்பி, பால்மானியின் கோடு கூடச் சரியாகத் தெரியவில்லை. பால் வண்டி ஓட்டுகிற அக்மத் வந்து பார்த்துவிட்டு, "புருல் அக்கா, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. உங்க மூஞ்சியப் பாத்தா பால் திரிஞ்சிடும்" என்றான்.

அவனைத் திட்டிக்கொண்டே கேனிலிருந்து மாதிரி எடுத்தபோது அவளுக்கு ஒன்று உறைத்தது. ஒரு கேன் மேல் சந்தேகம் வந்தால் அவள் என்ன செய்வாள்? அந்தக் கேனைத் தள்ளி வைத்துவிட்டு மற்றதைச் சோதிப்பாள். குறை மறைந்தால் குறை அந்தக் கேனில்தான். இவ்வளவு சாதாரண விஷயத்தைத் தன் தோலுக்குச் செய்து பார்க்க ஆறு நாள் ஆகிவிட்டதே என்று வெட்கமாக இருந்தது.

அன்று மாலை அவள் கஷாயம் குடிக்கவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள் உதடு பழையபடி ஆனது. கழுத்தில் சொறிந்த கீறல்கள் மட்டும் மிச்சம்.

வெள்ளிக்கிழமை கூடத்தில் எல்லோரும் சேர்ந்து அவரவர் அனுபவத்தைச் சொல்லும் நாள். புருல் போய் நடுவில் நின்றாள்.

"நான் நிறுத்திட்டேன். தடிப்பு போயிடுச்சு."

பாத்மா வருத்தத்தோடு தலையை ஆட்டினாள். "அடிப் பாவமே. வெளிய வந்த நஞ்சு மறுபடி உள்ள போயிடுச்சு."

"சரிக்கா. தடிப்பு வந்தா நஞ்சு வெளிய வருது. போனா நஞ்சு உள்ள போயிடுச்சு. ஜூராக்காவுக்கு வரவே இல்ல, அவங்களுக்கு?"

"அவளுக்கு நஞ்சு ஆழத்துல இருக்கு. இளகி வர நாளாகும்."

"அப்ப மருந்து ஒருத்திக்கு ஒத்துக்கலேன்னா எப்படி இருக்கும்? அதுக்கு ஒரு அடையாளம் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு போதும்."

பாத்மா சிரிக்க முயன்றாள்.

"என் மூலிகை இருபது வருஷத்துல யாருக்கும் ஒத்துக்காம போனதே இல்லம்மா."

"எப்படிப் போகும்? ஒத்துக்கலங்கிறதுக்கு நீங்க அடையாளமே வச்சுக்கலையே! நான் எல்லாக் கேனையும் நல்ல பால்னு எழுதிட்டா என் நிலையத்துலயும் இருபது வருஷம் கெட்ட பாலே வராது."

ஜூரா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வாய மூடுடி. நம்ம வீட்டு மானத்த வாங்காத. பாலும் மூலிகையும் ஒண்ணா?"

"நான் ஒண்ணுன்னு சொல்லல. கேள்வி ஒண்ணுதான்."

"குதர்க்கம் பேசுறதும் ஒரு நஞ்சுதான்" என்றாள் பாத்மா. பெண்கள் சிரித்தார்கள். சிரித்ததில் நிம்மதி இருந்தது. புருல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். காது மடல் வரை எரிந்தது. இந்தத் தடவை கஷாயத்தால் அல்ல.

அடுத்த வாரம் ஜூராவின் மகனுக்கு விருந்து. புருலை வாசல் பக்கம் கடைசியில் உட்கார வைத்தார்கள். பொரித்த மாவுத் துண்டுகளை நகர்த்தி வைக்கிற சாக்கில் பக்கத்தில் இருந்தவள் கூடத் தள்ளி உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்ததும் ஷர்ஷேன், "விட்டுத் தொலையேன். உனக்குத்தான் சரியாயிடுச்சே" என்றான்.

"எனக்கு ஏன் வந்துச்சுன்னு தெரியாம சரியானா அது சரியா?"

ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டு காரகோல் நகரத்துக்குப் போனாள். ஒவ்வாமை பார்க்கிற டாக்டர் கிளாராவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். நரைத்த கிராப்பு. நடந்ததைக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"வீட்டுல சாப்பாடு இல்லையா? ஆடு மாதிரி ஏன் புல்லத் தேடிப் போறீங்க?"

புருல் எழுந்து நின்றாள். "டாக்டரம்மா, எங்க வட்டாரத்துல உங்கள மாதிரி ஒருத்தர் எனக்கு ரெண்டு நிமிஷம் குடுத்தார். அந்தம்மா ஒரு மணி நேரம் குடுத்தாங்க. ஆடு கூட பச்சை இருக்கிற பக்கம்தான் போகும். நீங்களும் கேலிதான் பண்ணப் போறீங்கன்னா சொல்லுங்க, பஸ் இருக்கு."

டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு நாற்காலியைக் காட்டினார். "உக்காருங்க. தப்பு என்னோடதுதான். சூரியகாந்தி விதை கொறிச்சா வாய் அரிக்குமா?"

"சின்ன வயசுலேர்ந்து. அதனால தொடறதில்ல."

"ஆகஸ்டுல தும்மல்?"

"வைக்கோல் தூசிக்கு எல்லாருக்கும் வரும்."

"எல்லாருக்கும் வராது."

முன்கையில் வரிசையாகச் சொட்டுகள் வைத்து ஒவ்வொன்றின் மேலும் லேசாகக் குத்தினார். பத்து நிமிடத்தில் ஒரு சொட்டின் கீழே தோல் வெளுத்து எழும்பி, கால் மணி நேரத்தில் வாதுமைக் கொட்டை அளவுக்கு ஆனது. அது எர்மென். வேலியோரம், ரோட்டோரம், மயானம் என்று எங்கும் சாம்பல் நிறத்தில் மண்டிக் கிடக்கிற கசப்புச் செடி. கஷாயத்தின் முதல் கசப்பே அதுதான். பக்கத்தில் சீமைச்சாமந்தி வைத்த இடமும் சிறிதாகத் தடித்திருந்தது.

"ரெண்டும் சூரியகாந்தி குடும்பம்" என்றார் டாக்டர். "உங்க உடம்பு அந்தச் செடிய எதிரின்னு முடிவு பண்ணிடுச்சு. காத்துல வந்தா தும்மல். கரண்டில வந்தா இது."

"நஞ்சு வெளியேறுறதுன்னு ஒண்ணு இருக்கா?"

"கழிவ வெளியேத்த ஈரல் இருக்கு, சிறுநீரகம் இருக்கு. அதுங்க நாள் பூரா சத்தமில்லாம வேலை பாக்குது. தோல்ல தண்டோரா போடாது. ஒண்ணக் குடிச்சதும் தடிப்பு வருது, நிறுத்துனா போகுதுன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது குடிச்சதத்தான். ஆனா மூலிகை எல்லாமே விஷம்னு ஊர்ல போய்ச் சொல்லாதீங்க. அதுவும் பொய். ஒருத்தருக்கு ஒத்துக்கிறது இன்னொருத்தருக்கு ஒத்துக்காது, அவ்வளவுதான். உதடு வீங்கினா அடுத்தது தொண்டையா இருக்கலாம். அத மட்டும் மறக்காதீங்க."

வயிற்று உப்புசத்துக்கும் வேறு சோதனை எழுதிக் கொடுத்தார். அதன் முடிவு பிறகு வந்தது. பால் நிலையத்துக்காரிக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை. அக்மத் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தான்.

ஊர் திரும்பியதும் புருல் நேராக ஜூரா வீட்டுக்குப் போய் முன்கையைக் காட்டினாள். ஜூரா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"உன் கதைய அப்புறம் சொல்லு. எனக்கும் வர ஆரம்பிச்சிடுச்சுடி! ரெண்டாவது சுத்துல நாக்கு நமைக்குது, உள்ளங்கை அரிக்குது."

"அக்கா, நிறுத்துங்க. இன்னிக்கே."

"உனக்கு ஒத்துக்கலேன்னா எனக்கும் ஒத்துக்கக் கூடாதா? இருந்த அதிர்ஷ்டத்த உதறிட்டு வந்தவ, எனக்கும் தட்டி விடப் பாக்குறியா?"

"ஆகஸ்டுல நீங்களும் தும்முவீங்கல்ல?"

"போடி வெளிய. மாவு புளிக்குது."

புருல் மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். மூன்றாம் தடவை ஜூரா கதவைத் திறக்கவில்லை. ஜூராவின் கணவனான ஷர்ஷேனின் அண்ணனிடம் சொல்லிப் பார்த்தாள். "பொம்பளைங்க சண்டைல என்ன இழுக்காத" என்று அவர் டிராக்டருக்கு அடியில் படுத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் ஊரெங்கும் எர்மென் பூத்தது. புருல் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு மத்தியானப் பாலுக்குக் கேன் கழுவிக்கொண்டிருந்தபோது, எதிரே இருந்த மூலிகைக் கூடத்திலிருந்து நாசிகன் என்ற பெண் தலைத்துணி கழன்று விழ ஓடி வந்தாள்.

"புருல் அக்கா! உங்க ஜூராக்கா... மூச்சு..."

புருல் கேனைப் போட்டுவிட்டு ஓடினாள். கம்பளத்தின் மேல் ஜூரா உட்கார்ந்தபடி இரண்டு கைகளாலும் தொண்டையைப் பிடித்திருந்தாள். கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கோடுகள்தான். உதடு நீலம் பாய்ந்து, ஒவ்வொரு மூச்சும் விசில் மாதிரி உள்ளே போனது. சுற்றி நின்ற பெண்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"யாரும் தொடாதீங்க" என்றாள் பாத்மா. முகம் வெளுத்திருந்தாலும் குரல் உறுதியாக இருந்தது. "இது பெரிய வெளியேற்றம். தாண்டிட்டா பொறந்த குழந்தை மாதிரி ஆயிடுவா."

"நகருங்க."

"இப்ப ஊசி போட்டா நஞ்சு நெஞ்சுக்கு ஏறிடும். செத்துடுவா!" பாத்மா வாசலை மறித்து நின்றாள்.

"இப்படியே விட்டு அவ செத்தா என்ன சொல்வீங்க? எல்லா நஞ்சும் வெளியேறிடுச்சுன்னா?"

பாத்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். புருல் தோளால் அவளை இடித்துத் தள்ளிவிட்டு, "நாசிகன், கால் பக்கம் பிடி. நீங்க நாலு பேரும் என்ன வேடிக்கை பாக்குறீங்க? உங்கள்ல ஒருத்திக்கு இப்படி ஆனா நான் வேடிக்கை பாக்கவா?" என்று கத்தினாள். அதற்குப் பிறகு எல்லோருமே ஓடி வந்தார்கள்.

ஆம்புலன்ஸ் வேறு ஊருக்குப் போயிருக்கிறது, வர முக்கால் மணி நேரம் ஆகும் என்று போனில் சொன்னார்கள். அப்போதுதான் நிலையத்துக்கு வந்த அக்மத் பால் இறக்காமலே வண்டியைக் கிளப்பினான். முன் இருக்கையில் ஜூராவை நிமிர்த்தி உட்கார வைத்துப் பின்னாலிருந்து புருல் கட்டிக்கொண்டாள். தியூப் என்ற ஊரின் மருத்துவமனைக்குப் பதினைந்து நிமிட ரோடு. ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னால் பால் தொட்டியில் மோதியது. "மூச்சு விடுக்கா. என்னத் திட்டணும்ல? திட்டுறதுக்காவது மூச்சு விடு" என்று புருல் அவள் காதிலேயே சொல்லிக்கொண்டு வந்தாள். ஜூராவின் நகங்கள் அவள் மணிக்கட்டில் பதிந்திருந்தன. கடைசி மைலில் அந்தப் பிடி தளர்ந்தது.

வாசலிலேயே நர்ஸ் ஜூராவின் பாவாடையை ஒதுக்கித் தொடையில் ஊசியைக் குத்தினாள். சில நிமிடங்களில் விசில் இறங்கியது. இரண்டாவது ஊசிக்குப் பிறகு ஜூரா இருமினாள், அழுதாள். புருல் நடைபாதைச் சுவரோரம் உட்கார்ந்து, கட்டுப்படுத்த முடியாமல் வரிசையாகப் பதினோரு தும்மல் தும்மினாள்.

மறுநாள் வார்டில் ஜூராவின் முகம் பாதி வடிந்திருந்தது.

"பாத்மா மேல கோவப்படாத" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. "அவ காலைலயும் சாயங்காலமும் நாலு கரண்டிதான் சொன்னா. நான் வீட்டுக்கு ஒரு போத்தல் கொண்டு போய் மத்தியானமும் குடிச்சேன்."

"ஏன்?"

"உனக்கு நாலாம் நாளே வந்துச்சு. எல்லாரும் உன்னச் சூழ்ந்துகிட்டாங்க. எனக்கு மட்டும் உள்ள ஆழமா அழுக்கு இருக்குன்னு... வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அங்க உக்கார வெக்கமா இருந்துச்சுடி."

புருலுக்கு அவளை அறைய வேண்டும் போலவும் அணைக்க வேண்டும் போலவும் இருந்தது. போர்வையை இழுத்து விட்டாள்.

"உங்களுக்குள்ள ஒரு அழுக்கும் இல்லக்கா. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்."

அன்று சாயங்காலமே பாத்மாவைத் தேடிப் போனாள். கூடத்தில் யாரும் இல்லை. பின்கட்டில் உத்தரம் முழுக்கச் செடிக் கட்டுகள் தலைகீழாகத் தொங்கின. பாத்மா மேசை முன்னால் உட்கார்ந்திருந்தாள். கையுறைகள் கழற்றிக் கிடந்தன. புருல் அப்போதுதான் அவள் கைகளைப் பார்த்தாள். விரலிடுக்குகள் வெடித்து, புறங்கைத் தோல் மரப்பட்டை மாதிரி தடித்து, இரண்டு இடத்தில் நீர் கசிந்தது. பாத்மா களிம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

திட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் புருலுக்கு மறந்துபோயிற்று.

"எத்தனை வருஷமா?"

"ஆரம்பத்துலேர்ந்து. ஜனங்களோட நஞ்சு. தொட்டுத் தொட்டு எனக்கு ஏறுது, அப்புறம் வெளியேறுது."

"இருபது வருஷமா வெளியேறிக்கிட்டே இருக்கா அக்கா? இன்னும் தீரலையா?"

பாத்மா இன்னும் கொஞ்சம் களிம்பை எடுத்தாள்.

"குளிர்காலத்துல கூடம் நடத்துறீங்க. ஜனங்க வர்றாங்க, தொடறீங்க. ஆனா செடி கட்டுறதில்ல. அப்ப கை ஆறிடுதுல்ல?"

களிம்பு தடவுகிற விரல் நின்றது. பாத்மா கையுறையை எடுத்து, ஒவ்வொரு விரலாக வலியோடு மாட்டிக்கொண்டாள்.

"நான் உன் ஓரகத்தியக் கொல்லணும்னு நெனக்கல."

"தெரியும். அதனாலதான் கேக்குறேன். கஷாயத்துல என்னென்ன போடுறீங்கன்னு எல்லாரும் பாக்குற மாதிரி எழுதி வைங்க."

"அது என் தொழில் ரகசியம். நீ போ."

புருல் போகவில்லை. அண்ணாந்து தொங்கும் கட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, விரலை மடக்கி எண்ணி, வாய்விட்டே பெயர் சொன்னாள். எர்மென். சீமைச்சாமந்தி. மஞ்சள் பொத்தான் பூ. இந்த ஊரில் பிறந்தவளுக்கு அவற்றின் பெயர் சொல்ல யாருடைய ரகசியமும் தேவையில்லை. தும்மிக்கொண்டே வெளியே வந்தாள்.

மறுநாள் பால் நிலையக் கதவில் அவள் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. செடிகளின் பெயர்கள், அதற்குக் கீழே: 'ஆகஸ்டில் தும்முகிறவர்கள், சூரியகாந்தி விதைக்கு வாய் அரிக்கிறவர்கள் இதைக் குடிக்காதீர்கள். தடிப்பு வந்தால் நிறுத்துங்கள். உதடு வீங்கினால், மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரி, உடனே.' மத்தியானத்துக்குள் யாரோ கிழித்துவிட்டார்கள். இன்னொன்று ஒட்டினாள். அதுவும் போனது. மூன்றாவதைக் கிராமத் தலைவரே வந்து பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"புருல், ஊர்ல ரெண்டு கட்சி வேணாம். இத எடுத்துடேன்."

"ஐயா, உங்க வீட்டுப் பால்ல போன மாசம் தண்ணி இருந்துச்சே, பலகைல எழுதினேனா இல்லையா?"

"அது... வேலைக்காரன் பண்ணது."

"யார் பண்ணதுன்னு நான் எழுதலயே. இருக்குன்னு மட்டும்தான் எழுதினேன். இதுவும் அப்படித்தான்."

அவர் போய்விட்டார். மூன்றாவது தாளும் இரண்டு நாள்தான் தாக்குப் பிடித்தது.

மூலிகைக் கூடம் மூடவில்லை. முன்பு வந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் போகிறார்கள். ஆனால் புதிதாக வருகிறவர்களிடம் பாத்மா முதல் கேள்வியாக, "ஆகஸ்டுல தும்முவியா?" என்று கேட்கிறாள் என்று நாசிகன் வந்து சொன்னாள். ஏன் கேட்கிறாள் என்று பாத்மா யாரிடமும் சொல்வதில்லையாம். சிலரைக் கஷாயம் கொடுக்காமலே திருப்பி அனுப்புகிறாளாம். ஜூரா அந்தப் பக்கம் போவதில்லை. அதற்காகப் புருலிடம் அவள் பணிந்து போய்விடவும் இல்லை. "என்னை மூட்டை மாதிரி பால் வண்டில ஏத்தினவ" என்று விருந்துக்கு விருந்து சொல்லிக் காட்டுகிறாள்.

செப்டம்பரில் ஒரு காலை புருல் சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு ஏணி மேல் ஏறினாள். பால் நிலையக் கதவை விட்டுவிட்டு, சுவரில், தெருவில் போகிறவனும் படிக்கிற மாதிரி அந்த எச்சரிக்கையின் முதல் எழுத்தை முழ உயரத்துக்கு இழுத்தாள். கீழே ஏணியைப் பிடித்திருந்த ஷர்ஷேன் அண்ணாந்து பார்த்தான்.

"இவ்ளோ பெருசாவா?"

"கிழிக்கட்டும் பாப்போம்" என்றாள் புருல். தூரிகையை மறுபடி டப்பாவில் தோய்த்தாள்.